விட நினைக்கும் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள்: மலேசியக் கல்வி, சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கல்வி அமைச்சருக்கும் மாண்புமிகு சுகாதார அமைச்சருக்கும்,

"வேப் (மின்சிகரெட்) பிடிக்கிறேன், விட முடியவில்லை" என்று ஆலோசனை அறைக்கு வந்து சொல்லும் மாணவர்களின் பெயரை இனிமேல் கட்டொழுங்குப் பிரிவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் வேலை செய்யும் இடைநிலைப்பள்ளியில் முடிவெடுத்திருக்கிறார்கள். பெயர் போனால் பெற்றோருக்குக் கடிதம் போகும், பிறகு இடைநீக்கம். பையனாக இருந்தால் பிரம்படியும் சேரும். கூட்டத்திலேயே மறுத்துப் பேசினேன். வேப் விஷயத்தில் யாருக்கும் சலுகை காட்டுவதற்கில்லை என்றார்கள். நான் எந்தப் பெயரையும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் இது ஒரு பள்ளியோடு முடிகிற பிரச்சினை இல்லை. வேறு பள்ளிகளில் இருக்கும் ஆலோசக ஆசிரியர்களிடம் பேசினால், எழுத்தில் இல்லாவிட்டாலும் அங்கேயும் நடப்பது ஏறக்குறைய இதுதான் என்கிறார்கள். அதனால்தான் பள்ளி நிர்வாகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

இந்த மடலில் வரும் பிள்ளைகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்ன காரணங்களை மட்டும் மாற்றவில்லை. அந்தக் காரணங்களை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஏன் வேப் பிடிக்கத் தொடங்குகிறார்கள் என்று நாம் நிறையப் பேசிவிட்டோம். கூட்டாளிகள், பழ வாசனை, டிக்டாக், வீட்டில் கண்காணிப்பு இல்லை என்று ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் அதே பேச்சுத்தான். அவர்கள் ஏன் அதை விடப் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விடப் பார்க்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. என் அறைக் கதவை மூடிய பிறகு நான் அதிகம் கேட்பது அதைத்தான்.

பள்ளிக் கால்பந்துக் குழுவில் ஓரத்தில் ஆடும் ஒரு பையன். நல்ல ஓட்டக்காரன். முதல் பாதி ஓடுவான், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். சோம்பேறித்தனம் என்று நினைத்துப் பயிற்சியாளர் அவனை வெளியே உட்கார வைத்தார். என்ன காரணம் என்று அவனுக்குத் தெரியும், சொல்ல முடியாது. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வியாழக்கிழமையே தானாக நிறுத்திப் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு தலைவலி, தூக்கமில்லை, தங்கையிடம் காரணமே இல்லாமல் கத்தல். ஆட்டத்துக்கு முன்பே கழிவறைக்குப் போய் இழுத்துவிட்டுத்தான் திடலுக்கு வந்தான். "டீச்சர், நான் ஆடணும். அது தெரியுது. ஆனா கை போயிடுது" என்றான். என் மேசையில் கிடந்த அடையாள அட்டைக் கயிற்றை எடுத்து, பேசி முடிக்கிற வரைக்கும் விரலில் இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தான். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

பணத்துக்காக விட நினைப்பவர்களும் உண்டு. தூக்கிப்போடும் வகை ஒன்று இருபது முப்பது ரிங்கிட் விற்கிறது. நாளைக்கு ஐந்து ரிங்கிட் கைச்செலவுக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் அதைத் தனியாக வாங்க முடியாது. நாலு பேர் கொங்சி போட்டு, அதாவது பணத்தைப் பங்கு போட்டு வாங்கி, யார் எந்த ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள்வது என்று முறை பிரிக்கிறார்கள். பணம் போதாதபோது சாப்பாட்டை விடுகிறார்கள். அதுவும் போதாதபோது வீட்டில் எடுக்கிறார்கள். மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கும் பெண் ஒருத்தி அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொள்ளாததுதான் அவளை என்னிடம் கொண்டுவந்தது. "அம்மா எண்ணிப் பார்க்கிறதே இல்ல டீச்சர். என்னை நம்பி அப்படியே வச்சிருக்காங்க. அதுதான் தாங்கல" என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்தப் பெண்ணின் பெயரைத்தான் நான் பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

இன்னும் சிலருக்கு, அது தங்களை ஆட்டிவைக்கிறது என்பதே பொறுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார்கள். நடு இரவில் எழுந்து ஒரு இழுப்பு. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை தேடுகிறது. பதினைந்து வயதில், யார் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்று நிற்கிற வயதில், ஒரு விரல் நீளக் கருவி சொல்வதை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தக் கோபம் நல்ல கோபம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடலாம். தம்பி தன் பையைத் துழாவி அதை எடுத்து வாயில் வைத்துப் பார்த்ததைக் கண்டு பயந்து வந்தவன் ஒருவன். மன அழுத்தம் தீர இழுக்கத் தொடங்கி, இப்போது அது கையில் இல்லாத நேரமெல்லாம் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவள் ஒருத்தி. தாத்தா நுரையீரல் நோயில் மூச்சுக்குத் திணறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து வந்தவன் ஒருவன்.

அப்புறம் தைப்பூசம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைச்சுகளில் யாரும் இதை ஒரு சுகாதார விஷயமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு முன் எங்கள் பையன்கள் விரதம் எடுக்கிறார்கள். பால்குடம் எடுப்பவன், காவடி எடுப்பவன், அண்ணன் காவடிக்கு உறுமி அடிக்கப் போகிறவன் என்று வகுப்பில் பாதிப் பேர் சைவமாகிவிடுவார்கள். அந்த நாள்களில் வேப் கருவியை வீட்டை விட்டு வெளியே கொடுத்துவிட்டு, விரதம் முடிகிற வரைக்கும் தொடாமல் இருக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் முகமே சரியாக இருக்காது. வகுப்பில் சண்டை வரும், பாடத்தில் கவனம் இருக்காது. அப்புறம் மெல்லத் தெளிவார்கள். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை என்று அவர்களே சொல்வார்கள். நோன்பு மாதத்தில் மலாய் மாணவர்களிடமும் பகல் நேரத்தில் இதே மாற்றத்தைப் பார்க்கிறேன். பத்துமலையிலிருந்து திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறது? விரதம் முடிந்தது, கூட்டாளி நீட்டுகிறான், ஒரு இழுப்பு, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

ஒரு பிள்ளை பல வாரம் நிக்கோடின் இல்லாமல் இருந்திருக்கிறான். மிகக் கடினமான கட்டத்தை, யார் துணையும் இல்லாமல், தானே தாண்டியிருக்கிறான். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் ஒருவர் இருந்து, "விரதம் முடிகிற அன்று என்ன செய்யப்போகிறாய்? நீட்டினால் என்ன சொல்வாய்?" என்று பேசியிருந்தால் போதும். பேச ஆள் இல்லை. பேசலாம் என்று அவன் வந்தால், அவன் வேப் பிடித்தவன் என்று நாங்கள் எழுதி வைக்க வேண்டும்.

கவனியுங்கள், நான் சொன்ன இந்தக் காரணங்களில் பிரம்பு இல்லை, இடைநீக்கமும் இல்லை. தண்டனைக்குப் பயந்து விட நினைக்கிறேன் என்று என்னிடம் வந்து சொன்ன பிள்ளை இதுவரை இல்லை. தண்டனைக்குப் பயந்து ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நிறைய. கழிவறைக் கூரைத் தட்டியைத் தூக்கினால் இருக்கும், காலுறைக்குள் இருக்கும், பெண்களின் அணையாடைப் பொட்டலத்துக்குள் இருக்கும். கோடு போடும் பேனா மாதிரியே செய்து விற்பதால் பென்சில் பெட்டியில் எல்லார் கண் முன்னாலும் இருக்கும். சோதனை நாளன்று பள்ளிக்கே வராமல் போவார்கள். கறுத்த நுரையீரல் படம் போட்ட சுவரொட்டிக்கும் அவர்கள் அசைவதில்லை. அது ஐம்பது வயதுக்காரரின் நோய் என்று கடந்துபோகிறார்கள். நாளைக்கு ஆடப்போகும் ஆட்டமும் அம்மாவின் கைப்பையும்தான் அவர்களைத் தொடுகின்றன.

நிக்கோடின் எப்படி வேலை செய்கிறது என்று சுகாதார அமைச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்வி அமைச்சுக்காகச் சொல்கிறேன். உடம்புக்குள் போன நிக்கோடினில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிடும். பழகிய பிள்ளைக்கு அதன் பிறகு எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். முற்றிலும் நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், பிறகு சில வாரங்களில் தணியும். இப்போதைய கருவிகளில் பெரும்பாலும் நிக்கோடின் உப்பு என்ற வகை வருகிறது. தொண்டையில் கரகரப்பு இல்லாமல் நிறைய நிக்கோடினை இழுக்க முடியும். வெண்சுருட்டு (சாதாரண சிகரெட்) என்றால் ஒன்று முடிந்ததும் அணைத்துவிடுவார்கள், இதற்கு முடிவே இல்லை. காலை ஏழரைக்குப் பள்ளிக்கு வந்து, மதியம் வரை வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளையின் நிலை என்ன என்று யோசியுங்கள். மூன்றாம் பாட வேளையில் கழிவறைக்கு அனுமதி கேட்பவன், ஆசிரியர் மறுத்தால் மேசையைத் தட்டுபவன், இவர்களைப் பற்றிக் கட்டொழுங்குப் புத்தகத்தில் "அடங்காமை" என்று எழுதுகிறோம். அவர்களில் பலரைப் பிறகு என் அறையில் சந்திக்கும்போது நான் பார்ப்பது நிக்கோடின் இறங்கும் நேரத்து வேதனையைத்தான்.

சரி, இந்தப் பிள்ளைகள் கையில் இது எப்படி வந்தது? அரசாங்கத்தின் பங்கைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. 2023 மார்ச் 31 வரை திரவ நிக்கோடின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. நச்சுப்பொருள் வாரியம் ஏற்காத நிலையிலும் அன்றைய சுகாதார அமைச்சர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார். மறுநாளே ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி. அதற்கு முன்பும் கடைகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லாமல் போனது. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் தேதி. நடுவில் ஒன்றரை ஆண்டு. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருளே விற்கக் கூடாது என்று முதலில் எழுதப்பட்ட பகுதியும் அந்தச் சட்டம் நிறைவேறுவதற்குள் நீக்கப்பட்டுவிட்டது. இன்று எங்கள் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் 2007க்குப் பிறகு பிறந்தவர்தான்.

அந்த ஒன்றரை ஆண்டில் முதலாம் படிவத்துக்கு வந்த பிள்ளைகள்தான் இப்போது மேல் படிவங்களில் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், மிட்டாய் நிறத்தில் விளக்குப் போட்ட கடையில், சீருடையோடு நின்று வாங்கியவர்கள் இவர்கள். விற்றவர் மேல் அன்றைக்கு வழக்கில்லை. வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இன்றைக்குத் தண்டனை. சட்டம் 852இன்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் புகைப்பொருளோடு பிடிபட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் அல்லது சமூக சேவை. இந்த வரிசையில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

அமைச்சின் சொந்தக் கணக்கையே பாருங்கள். தேசியச் சுகாதார ஆய்வின்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்ட மாணவர்களில் மின்சிகரெட் பயன்படுத்துவோர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. அதே காலத்தில் வெண்சுருட்டு பிடிப்போர் 13.8லிருந்து 6.2 ஆகக் குறைந்தார்கள். வெண்சுருட்டைக் குறைத்த நாடு நாம். அந்த வெற்றியை இந்தக் கருவி தின்றுவிட்டது. 2022 கணக்கு, நான் சொன்ன ஒன்றரை ஆண்டுக்கும் முந்தையது என்பதையும் மறக்க வேண்டாம்.

விட நினைப்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமில்லை. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு தேசிய மாணவர் ஆய்வில், வேப் பிடிக்கும் மாணவர்களில் 63.9 விழுக்காட்டினர் விட விரும்புவதாகவும் 67.4 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் விட முயன்றதாகவும் சொல்லியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பேர். அவர்களுக்கு உதவி செய்தால் பலன் உண்டா என்பதற்கும் விடை வந்துவிட்டது. 13 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 1,500 பேரை வைத்து நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், கைப்பேசிக்குத் தினமும் ஊக்கக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 37.8 விழுக்காட்டினர் ஏழு மாதத்துக்குப் பிறகு வேப் தொடாமல் இருந்தார்கள். அந்தச் செய்தி கிடைக்காத குழுவில் 28 விழுக்காடு. குறுஞ்செய்திதான், வேறொன்றுமில்லை. 2025இல் வெளியான இன்னோர் ஆய்வு 16 முதல் 25 வயதினரைப் பற்றியது. வரெனிக்ளின் என்ற மாத்திரையோடு ஆலோசனையும் குறுஞ்செய்தியும் கிடைத்தவர்களில் பன்னிரண்டு வார முடிவில் 51 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். மாத்திரைக்குப் பதில் வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 14 விழுக்காடு. என் மாணவர்களுக்கு மாத்திரை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டியது. இது சிகிச்சை உள்ள ஒரு நோய் என்று சொல்கிறேன். சிகிச்சை உள்ள நோய்க்கு யாரும் பிள்ளையை இடைநீக்கம் செய்வதில்லை.

நம்மிடமும் சேவைகள் இருக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கின்றன. புகைப்பழக்கத்தை விட உதவும் எம்குவிட் சேவை அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. பள்ளிப் பல் மருத்துவக் குழு மூலமாகப் புகைபிடிக்கும் மாணவரைக் கண்டறிந்து ஆலோசனை சொல்லும் கோத்தாக் திட்டமும் உண்டு. இது நல்ல யோசனை, மனமாரச் சொல்கிறேன். பல்லைப் பார்க்க வரும் தாதியிடம் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுகிறார்கள், ஏனென்றால் அவர் கையில் பிரம்பு இல்லை. ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறார்கள். மறு வாரம் அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும்போது அவர்கள் வேறொரு பள்ளியில் இருப்பார்கள்.

கிளினிக்குக்குப் போன கதையையும் சொல்கிறேன். ஒரு பையனை, அவன் அம்மாவின் சம்மதத்தோடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அழைத்துப் போனேன். கொடுத்த படிவத்தில் "ஒரு நாளைக்கு எத்தனை வெண்சுருட்டு?" என்று கேட்டிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். வெண்சுருட்டே பிடித்ததில்லை. பூஜ்யம் என்று எழுதினான். எத்தனை ஆண்டுகளாக என்ற கேள்விக்கும் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவன் அப்பா வயதுக்காரர்கள். அங்கிருந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், குறை சொல்லவில்லை. அடுத்த சந்திப்பு பள்ளி நாளில், காலை பத்து மணிக்கு என்று குறித்துக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் வெளியே போக வேண்டுமென்றால் பள்ளியில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் போகவில்லை. நானும் வற்புறுத்த முடியவில்லை.

கட்டொழுங்கு ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கழிவறை வாசலில் நின்று தர்பூசணி வாசனையை மோப்பம் பிடிக்க வேண்டிய நிலையை எந்த ஆசிரியரும் விரும்பியதில்லை. வேப் திரவத்தில் செயற்கைப் போதைப்பொருள் கலந்து விற்கிறார்கள் என்று காவல் துறையே எச்சரிக்கிறது. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. பள்ளிக்குள் கொண்டுவந்து மற்றப் பிள்ளைகளுக்கு விற்கும் மாணவனைத் தடுக்கத்தான் வேண்டும். கருவியைக் கண்டால் பறிமுதல் செய்யத்தான் வேண்டும். இதிலெல்லாம் எனக்கு மறுப்பில்லை. விற்பவனையும், மாட்டிக்கொண்டவனையும், தானாக வந்து உதவி கேட்பவனையும் ஒரே பட்டியலில் எழுதாதீர்கள் என்கிறேன். போதைப்பொருள் கலந்த திரவம் என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், அதை முதலில் யாரிடம் சொல்வான்? தன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று நம்புகிறவரிடம்தான். அந்த நம்பிக்கையை ஒரு கூட்டத் தீர்மானத்தில் அழித்துவிட்டால், அடுத்த பிள்ளை மயங்கி விழுகிற வரைக்கும் நமக்கு எதுவும் தெரியாது.

இடைநீக்கம் செய்தால் பிள்ளை எங்கே போகிறான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில். ஆள் இல்லாத வீட்டில், கையில் கைப்பேசியோடு, ஒரு வாரம் முழுக்கத் தடையில்லாமல் வேப் பிடிக்கலாம். கழிவறைக்கு ஓட வேண்டியதுகூட இல்லை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) ஆண்டில் அந்த ஒரு வாரப் பாடத்தைப் பிடிக்க முடியாமல் பள்ளியையே விட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சமூகத்தில் பள்ளியை விட்ட பையன் அடுத்து யார் கையில் சிக்குவான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜொகூரும் கிளந்தானும் பல ஆண்டுகளாகவே வேப் விற்பனைக்கு இடம் கொடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பெர்லிசும் திரெங்கானுவும் தடையைக் கொண்டுவந்தன. நாடு முழுக்கத் தடை வரலாம் என்ற பேச்சு இருக்கிறது. வரட்டும், நான் வரவேற்கிறேன். ஆனால் கடை மூடும் நாளில், ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையின் தேவை மூடிக்கொள்ளாது. அன்றைக்கு அவன் வெண்சுருட்டுக்குப் போகலாம், டெலிகிராமில் தெரியாதவரிடம் வாங்கலாம், அல்லது உதவி கேட்டு வரலாம். மூன்றாவது வழி திறந்திருக்க வேண்டுமானால் அதற்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

ஆகவே உங்கள் இருவரிடமும் நான் கேட்பவை:

கல்வி அமைச்சர் அவர்களே, வேப் பழக்கத்தை விட உதவி கேட்டுத் தானாக முன்வரும் மாணவரின் பெயரைக் கட்டொழுங்குப் பிரிவிடம் தரக் கூடாது, அவர் சொன்னதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆலோசனையில் பேசுவதைக் காக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி நிர்வாகங்களுக்கு அதை நினைவுபடுத்தினாலே பாதி வேலை முடியும். முதன்முறை பிடிபடும் மாணவருக்கு இடைநீக்கமும் பிரம்படியும் வேண்டாம். அதற்குப் பதிலாகப் பள்ளி நேரத்திலேயே, பள்ளிக்குள்ளேயே, சில வாரம் நடக்கும் விடுவிப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். அதை முடித்தவரின் கட்டொழுங்குப் பதிவு நீக்கப்பட வேண்டும். விடுதி இடத்துக்கும் உதவிச்சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கக் கூடாது. சிகிச்சைக்குப் போகும் நாளை வராத நாளாகக் கணக்கிடாதீர்கள்.

சுகாதார அமைச்சர் அவர்களே, கிளினிக்குகளில் பதின்ம வயதினருக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகல் நேரத்தை, பள்ளி முடிந்த பிறகு, ஒதுக்குங்கள். படிவங்களை வேப்புக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள். பெற்றோர் சம்மதம் எந்தக் கட்டத்தில் வேண்டும், சம்மதத்துக்கு முன் ஆலோசகர் எதுவரை உதவலாம் என்பதைத் தெளிவான வழிகாட்டியாக வெளியிடுங்கள். இன்று ஒவ்வொருவரும் தாமாக யூகித்து நடக்கிறோம். கோத்தாக் குழு கண்டறியும் ஒவ்வொரு பிள்ளையையும் பின்தொடர, அந்தந்தப் பள்ளி ஆலோசகருக்குப் பயிற்சியும் மருத்துவரோடு நேரடித் தொடர்பும் கொடுங்கள். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழியிலும், பெயர் கேட்காத, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்குங்கள். தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் சம்பளம் கேட்காமல் எழுதித் தருவோம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களிலும் நோன்பு மாதத்திலும் அந்தச் சேவையைத் தீவிரமாக நடத்துங்கள். பதினெட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, சட்டம் 852இன் அபராதத்துக்கு முன்பாக, விடுவிப்பு ஆலோசனைக்குப் போகும் வாய்ப்பை முதலில் கொடுங்கள்.

இருவரிடமும் சேர்த்து ஒன்று. வேப் திரவத்துக்கான வரி வருமானத்தில் பாதி சுகாதார அமைச்சுக்குத் திரும்பும் என்று 2023 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது. அதில் பிள்ளைகளை விடுவிக்க எவ்வளவு செலவானது என்ற கணக்கை வெளியிடுங்கள். செலவாகவில்லையென்றால் வரும் நிதியாண்டிலிருந்து ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்குங்கள். நாடு தழுவிய தடையைப் பற்றிய அறிவிப்பு வந்தால், இந்த ஏற்பாடுகள் அதற்கு முன்பே பள்ளிகளில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் சுற்றறிக்கையாவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவை குறித்து நேரில் வந்து விளக்க நானும், இதே அனுபவம் உள்ள வேறு பள்ளி ஆலோசகர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியை,
சிலாங்கூர்